தராசுக்கு வந்த சோதனை

மூன்றாவது தடவையாக உட்கார்ந்து எழுந்தும் தராசுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவர் முன்னால் இரண்டு குதிரைகள் நின்றன. குதிரை என்பது பட்டறையில் வைத்த பெயர். சக்கரம் கழற்றிய மோட்டார் சைக்கிள் கூட்டைத் தரையோடு சேர்த்து முடுக்கி, அடியில் ஒரு மோட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். ஸ்விட்சைப் போட்டால் குண்டும் குழியுமான ரோட்டில் போவதுபோல ஆளை உலுக்கி எடுத்துவிடும். இடது குதிரையில் இருந்தது சொகுசு மாடல் சீட். வலது குதிரையில் இருந்தது உழைப்பு மாடல் சீட். முதலாவது மெத்தென்று இருக்க வேண்டும், இரண்டாவது கெட்டியாக இருக்க வேண்டும். தராசுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"என்ன தராசு, சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா. கையில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

"இன்னொரு தடவை பாத்துடறேன் மேடம்."

"மூணு தடவை பாத்தாச்சே. வழக்கமா உக்காந்த உடனே சொல்லிடுவீங்க."

வழக்கமாகச் சொல்லிவிடுவார்தான். அதுதான் இப்போது வில்லங்கம்.

வண்டியோடு வரும் சீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நொந்துபோனவர்கள், அதைக் கழற்றிக் கடாசிவிட்டு வேறு சீட் தேடுவார்கள் அல்லவா, அந்த வேறு சீட்டைச் செய்யும் பட்டறை இது. பதினான்கு பேர் வேலை செய்தார்கள். முதலாளியம்மா இளவயதில் தையல் நூல் விற்பதற்காகப் பத்து வருஷம் வண்டியில் ஊர் ஊராக அலைந்தவர். இடுப்பு வலியில் தொடங்கிய தொழில் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சீட் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்க்கப் பட்டறையில் ஒரு மிஷின் இருந்தது. மணல் மூட்டையைத் தூக்கித் தூக்கிச் சீட்டின் மேல் போடும். ஒரு லட்சம் குத்து வாங்கியும் பள்ளம் விழாவிட்டால் சீட் பாஸ். ஆனால் மணல் மூட்டைக்கு வலி தெரியாது. உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தராசு.

அவருக்கு வாய்த்த உடம்பு அப்படி. எலும்பும் தோலும்தான், நடுவில் வேறொன்றும் கிடையாது. இவருக்கு வலிக்காத சீட் உலகத்தில் யாருக்கும் வலிக்காது என்று முதலாளியம்மா எட்டு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்து, பேக்கிங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவரைக் குதிரையில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தராசு என்றே பெயர். ஒருமுறை ஒரு புது சீட்டில் உட்கார்ந்த கையோடு எழுந்து, "உள்ள என்னமோ கிடக்கு" என்றார். கவரைப் பிரித்து ஃபோமைக் கிழித்துப் பார்த்தால் ஒரு சட்டைப் பொத்தான். ஃபோம் மிஷின் ஆப்பரேட்டரின் சட்டையில் மூன்றாவது பொத்தானைக் காணோம்.

அந்த ஆப்பரேட்டரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பெயர் அரைவார்த்தை. வாயில் இருந்து ஒரு முழு வாக்கியத்தை வாங்குவதற்குள் கேட்டவருக்கு வயதாகிவிடும். அச்சில் ஃபோம் ஊற்றும் அவருடைய மிஷினில் ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்ட திருகு ஒன்று உண்டு. ஒன்று என்றால் பஞ்சு, பத்து என்றால் பலகை. ஏழில் ஊற்றச் சொல்லி அவர் கை தவறி ஆறரையில் ஊற்றிய நாட்களில்கூடத் தராசு உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்.

இந்தத் திறமையைத் தராசு சும்மா வைத்திருக்கவில்லை, பாதுகாத்தார். சோதனை நாளில் காலையிலிருந்து எங்கேயும் உட்காரமாட்டார். நின்றுகொண்டே சாப்பிடுவார். பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். ருசி பார்க்கிறவன் முதலில் வாயைக் கொப்பளிக்க வேண்டாமா என்பார். சீட்டில் உட்காரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். கலரும் தையலும் மனசைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி.

அன்று திங்கட்கிழமை. அவர் எங்கேயும் உட்காரவில்லை, கண்ணையும் மூடித்தான் இருந்தார். ஆனால் இடதுக்கும் வலதுக்கும் ஒரு நூல் வித்தியாசம்கூடத் தட்டுப்படவில்லை.

"மேடம், இது எத்தனை நம்பர், அது எத்தனை நம்பர்?"

"சொகுசு மூணு, உழைப்பு ஏழு. நாலு நம்பர் தள்ளி இருக்கு. குழந்தை உக்காந்தாலும் சொல்லிடும்" என்றார் முதலாளியம்மா.

ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்று நாக்கு நுனி வரை வந்ததைத் தராசு அப்படியே விழுங்கிவிட்டார். அரை நம்பரைப் பிடித்தவர் நாலு நம்பரைக் கோட்டை விட்டார் என்று வெளியே தெரிந்தால் மறுபடியும் பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான். அது போகட்டும், தராசு என்று அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

"சொகுசு நல்ல மெத்து மேடம். உழைப்பு கெட்டி."

முதலாளியம்மா எழுதிக்கொண்டார். "அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு குறையும் சொல்லாமல் அவர் குதிரையை விட்டு இறங்கியதே இல்லை. வழக்கத்தை மாற்றினால் சந்தேகம் வருமே.

"சொகுசுல இன்னும் அரை நம்பர் குறைக்கலாம்."

முதலாளியம்மா திரும்பி, "கேட்டுச்சா? மூணை ரெண்டரை ஆக்குங்க" என்றார்.

மிஷின் பக்கம் நின்றிருந்த அரைவார்த்தை தராசை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். "இல்ல..."

"என்ன இல்ல?"

அரைவார்த்தை தராசின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். "இல்ல... சரி" என்று திரும்பிப் போனார்.

தராசுக்குச் சுருக்கென்றது. ஆள் கண்டுபிடித்துவிட்டாரோ?

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். திடீரென்று ஒரு மனிதனுக்கு அந்த இடம் மரத்துப்போகுமா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் விடை கிடைத்தது. கூடத்தில் நீலமாக, பெரிதாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தது விடை.

அவர் மனைவி தபால் ஆபீஸ் ஜன்னலில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க மரநாற்காலி. வீட்டிலாவது மெத்தென்று சாய வேண்டும் என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்து, இரண்டு வாரத்துக்கு முன்னால் தன் சேமிப்பில் அந்தச் சோபாவை வாங்கினார். வந்த அன்று இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துகொண்டு ராஜா ராணி மாதிரி இருந்தார்கள். இரண்டு வாரமாகத் தராசும் சாயங்காலம் முழுக்க அதில்தான் புதைந்து கிடந்தார்.

பாவி சோபா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஏங்க, சோபா இருக்கும்போது எதுக்குத் தரையில உக்காந்திருக்கீங்க?"

"புழுக்கமா இருக்கு."

"ஃபேனுக்கு அடியிலதானே போட்டிருக்கு?"

தராசு மரஸ்டூலுக்கு மாறினார். அப்புறம் மாடிப்படி. மழுங்கிய கத்தியைத் தீட்டுவதுபோலத் தீட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வெறி. மனைவி துணி எடுக்கப் பால்கனிக்குப் போனபோது, அங்கே கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைச் சுளித்து, இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்த் தன் தம்பிக்குப் போன் போட்டார்.

செவ்வாய்க்கிழமை ரெண்டரை நம்பர் சொகுசு சீட் தயாராகிக் குதிரை ஏறியது. தராசு உட்கார்ந்தார். இடது. வலது. மறுபடி இடது. ஒரு மண்ணும் தெரியவில்லை.

"இப்ப எப்படி?" என்றார் முதலாளியம்மா.

"இப்பத்தான் மேடம் நல்லா மெத்துனு இருக்கு."

"உழைப்பு?"

வித்தியாசத்தை இன்னும் கூட்டினால் தனக்கே தெரிந்துவிடும் என்று ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. "அதை இன்னும் கெட்டி பண்ணுங்க. எட்டரை வைங்க."

அரைவார்த்தை தலையைச் சொறிந்தார். "நெசமாவா?"

"ஏன், என் மேல சந்தேகமா?"

"சே..." என்று அவர் திருகைத் திருப்பப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மருந்துக்கடை மச்சான் பட்டறைக்குள் நுழைந்தார். மனைவியின் தம்பி. நல்ல மனசு, பெரிய தொண்டை. கையில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு ரப்பர் வளையம், காற்று ஊதித் தயாராக இருந்தது.

"மாமா, இனிமே இதை வச்சுத்தான் உக்காரணும். ஒரே வாரத்துல சரியாயிடும். அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க."

பதினாலு பேரும் வேலையை நிறுத்தினார்கள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். வீட்டுக்குப் போங்க."

"இதுல வெக்கப்பட என்ன மாமா இருக்கு? என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் மூலத்துக்குத்தான் வர்றாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா களிம்போட போயிருக்கும்."

முதலாளியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மச்சானை வெளியே அனுப்பி, வளையத்தைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தராசை ஓரமாக அழைத்துப் போனார்.

"எத்தனை நாளா?"

"மேடம், சத்தியமா எனக்கு அது இல்ல."

"எட்டு வருஷமா நம்ம சீட்டுல உக்காந்தவருக்கே இப்படின்னு வெளிய தெரிஞ்சா, நம்ம சீட்டை யாரு வாங்குவா? வெள்ளிக்கிழமை மொத்த வியாபாரி வர்றாரு. அது வரைக்கும் நீங்க குதிரை ஏற வேண்டாம். ரெண்டு சீட்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. மெதுவா, ஒரு பக்கமா உக்காந்து பாருங்க."

இல்லாத வியாதிக்கு விடுப்பு வாங்கிக்கொண்டு, இரண்டு சீட்டையும் மடியில் வைத்தபடி தராசு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

புதன்கிழமை காலையில் இரண்டு ஸ்டூல்களை இழுத்துப்போட்டு அவற்றின் மேல் சீட்டுகளை வைத்தார். அவர் உட்கார்ந்து பார்த்ததில் பழைய கதைதான். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ கொஞ்சம் உக்காரேன்."

"நானா? எனக்கென்னங்க தெரியும்?"

"சும்மா உக்காந்து பாரு. பழுப்பு கலர்ல பூத்தையல் போட்டிருக்கே, அது சொகுசு. கறுப்பு உழைப்பு, அது கெட்டியா இருக்கும்."

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்தார். முதலில் பழுப்பு, பிறகு கறுப்பு.

"அம்மாடி, இது என்னங்க இது, கட்டை மேல உக்காந்த மாதிரி இருக்கு. அந்தப் பழுப்பு எவ்வளவு சுகமா இருந்துச்சு. நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க." கணவரின் தொழில் திறமையை முதன்முறையாக நேரில் பார்த்த பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

தராசு இடிந்துபோனார். வாழ்க்கையில் ஒரு சீட்டையும் சோதித்துப் பார்க்காத மனைவிக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை. இனிச் சந்தேகத்துக்கே இடமில்லை, குற்றவாளி சோபாதான்.

"இந்தச் சோபா நமக்கு வேண்டாமே" என்றார்.

மனைவி வாசல்படியில் நின்றார். "என்ன சொன்னீங்க?"

"என் தொழிலுக்கு இது ஒத்து வரல."

"உங்க தொழிலுக்கு வாளிதான் ஒத்து வருமோ?"

தராசு தலையைக் குனிந்துகொண்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மனைவி சண்டை போடவில்லை. "என் தம்பி வீட்டுல இடம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமே மச்சான் வேனோடு வந்தார். சோபாவைத் தூக்கும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. "எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துக்கலாம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே வேன் கதவை அவசரமாகச் சாத்தினார்.

கூடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் மிச்சம் இருந்தது. மனைவி அதைத் துடைக்கவில்லை. தராசு அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமையும் தராசுக்கு ஒன்றும் தெரியவில்லை. சோபா போயும் புத்தி வரவில்லையே என்று தன் பின்புறத்தையே திட்டினார். பட்டறையிலிருந்து முதலாளியம்மா போன் செய்து ஒரு நல்ல சேதி சொன்னார். மணல் மூட்டை மிஷினில் இரண்டு மாடலும் ஒரு லட்சம் குத்து வாங்கி முடித்துவிட்டன. இரண்டிலும் பள்ளம் ஒரே அளவு, நூல் பிடித்த மாதிரி.

"பாத்தீங்களா தராசு, மெத்துனு இருக்கிற சீட்டு கெட்டி சீட்டு அளவுக்கே உழைக்குது. நம்ம சரக்குன்னா சும்மாவா?"

"ஆமாம் மேடம்" என்றார் தராசு.

வெள்ளிக்கிழமை மொத்த வியாபாரி வந்தார். பெரிய உடம்பு, சின்ன மீசை. வாங்கும் சரக்கில் தானே ஒரு தரம் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கமாட்டார் என்று பெயர் எடுத்தவர். குதிரைகள் இரண்டையும் சுற்றி வந்தார்.

"எது எதுன்னு நீங்க சொல்லுங்க. உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். பொத்தான் கதைகூடத் தெரியும்."

தராசு மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பித்தார். பழுப்பு ரெண்டரை, வீட்டுக்காரம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு தூரம் போகிறவர்களுக்கு. கறுப்பு எட்டரை, நாளெல்லாம் ஏறி இறங்கி டெலிவரி செய்கிறவர்களுக்கு. மெத்து சீட்டானால் அவர்களுக்கு ஆறு மாதத்தில் அமுங்கி, அடித்தகடு முட்டும்.

வியாபாரி பழுப்பில் உட்கார்ந்தார். மோட்டாரைப் போடச் சொன்னார். கண்கள் சொருகின. பிறகு கறுப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகம் இறுகியது.

சொல்லப்போகிறார், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லப்போகிறார் என்று தராசுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார் வியாபாரி. "இது மேகம். அது பாறை. கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லிடலாம்."

சீட் கவர் தைக்கும் தையல்காரம்மா கைதட்டினார். ஆசைக்கு அவரும் ஒரு தரம் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஆமாமா, அந்தக் கறுப்புல உக்காந்தா முதுகுத்தண்டு வரைக்கும் ஏறுது" என்றார். அரைவார்த்தை மட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே ஆர்டர் எழுதிடறேன்" என்றார் வியாபாரி. "ஒரே ஒரு கண்டிஷன். ஒவ்வொரு சீட்டு அட்டையிலயும் இவர் கையெழுத்து அச்சாகி வரணும். என் சொந்தத் தம்பியே பார்சல் டெலிவரிதான், ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் வண்டி மேல. முதல் கறுப்பு சீட்டு அவன் வண்டிக்குத்தான். உங்களை நம்பித்தான் போடறேன் சார்."

சார் என்று அவர் சொன்னது தராசுக்கு முள்ளாகக் குத்தியது. யாரோ ஒரு தம்பி, பன்னிரண்டு மணி நேரம், தனக்கே தெரியாத ஒரு சீட்டின் மேல் தன் கையெழுத்தை நம்பி உட்காரப்போகிறான். அட்டையில் போடக் கையெழுத்து மாதிரி கேட்டார்கள். கை வலிக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி ஆபீஸிலிருந்து வந்தபோது, தராசு சோபா இருந்த இடத்தில், நான்கு தடங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ரொம்ப வலிக்குதா?"

"வலிச்சாத்தான் தேவலையே" என்று ஆரம்பித்துத் திங்கட்கிழமையிலிருந்து நடந்த அத்தனையையும் கொட்டினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வாளி வந்த இடத்தில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ரப்பர் வளையம் வந்த இடத்தில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதே. என் வேலையே போச்சு."

"அதுக்காகவா என் சோபாவை நாடு கடத்தினீங்க?"

"அதுதான் கெடுத்துச்சுன்னு நினைச்சேன்."

"என்கிட்ட முதல் நாளே சொல்லியிருந்தா அது பாட்டுக்கு இங்க கிடந்திருக்கும், நீங்க பாட்டுக்கு வாளியில உக்காந்திருக்கலாம்." மனைவி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லிடுங்க. யாரோ ஒரு பிள்ளை இடுப்பு ஒடிஞ்சு சம்பாதிக்க வேண்டாம். வேலை போனா பெட்டி ஒட்டுங்க. பெட்டி ஒட்டினப்பவும் நாம நல்லாத்தான் இருந்தோம். அப்ப நீங்க பஸ்ஸுல உக்காந்து வருவீங்க."

அது உண்மைதான். உட்காருவதே தொழிலான நாள் முதலாக அவர் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் அந்த வெறுந்தரையில் சுவரில் சாய்ந்தபடி வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளில் தராசுக்கு முதன்முறையாகச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டு வந்தவர், பாதி வழியில் ஞாபகம் வந்து உட்கார்ந்தார். சுகமாகத்தான் இருந்தது.

பட்டறையில் எல்லோரும் இருந்தார்கள். வியாபாரி ஆர்டர் தாளோடு முதலாளியம்மா மேஜைக்கு எதிரில் இருந்தார். தராசு நேரே போய் நின்றார்.

"மேடம், என்னால கையெழுத்துப் போட முடியாது. எனக்கு எதுவும் தெரியல. திங்கக்கிழமையில இருந்தே தெரியல. ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. மெத்து, கெட்டி, அரை நம்பர், எட்டரைன்னு சொன்னதெல்லாம் வாய்க்கு வந்தது. வேற ஆளைப் பாத்துக்குங்க. நான் பேக்கிங்குக்கே போயிடறேன்."

முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உடம்பு சரியில்லாதவர், என்னமோ பேசறாரு" என்றார் வியாபாரியிடம். பிறகு தராசைப் பார்த்து, "வித்தியாசம் எனக்கே நல்லா தெரியுதே தராசு?" என்றார்.

"எனக்கும் தெரிஞ்சுது" என்றார் வியாபாரி.

"எனக்குந்தான்" என்றார் தையல்காரம்மா.

"என் வீட்டுக்காரிக்கே தெரிஞ்சுது மேடம்" என்றார் தராசு. "இந்த உலகத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியல. அதான் சொல்றேன், தராசு கெட்டுப்போச்சு."

அப்போது பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அரைவார்த்தை கையை உயர்த்தியபடி நின்றிருந்தார். மற்றொரு கையில் ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்ட திருகு, மிஷினை விட்டுத் தனியாகக் கழன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பேசாத வார்த்தைகளெல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியமாக வந்தன.

"இது திங்கக்கிழமை காலையிலயே உடைஞ்சுபோச்சு மேடம், எப்படித் திருப்பினாலும் அஞ்சாம் நம்பர்தான் ஊத்துது, தராசு உக்காந்த உடனே ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிடுவாருன்னு நின்னேன், அவரே நல்லா வித்தியாசம் தெரியுதுன்னதும், சரி, மிஷின் தானாவே சரியாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்."